துப்பாக்கியில் விளக்கு இருந்தால் கை டார்ச் வேண்டாமா?

கேள்வி: வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் கைத்துப்பாக்கியில் விளக்கு பொருத்திவிட்டேன். இனியும் பாக்கெட்டில் டார்ச் தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. அந்த விளக்கு எங்கே அடிக்கிறதோ, துப்பாக்கிக் குழலும் அங்கேதான் நிற்கும். சத்தம் கேட்டு அந்த விளக்கை அடித்துப் பார்த்தால், தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் பிள்ளைமேலேயே குறி வைத்திருப்பீர்கள். யாரென்று பார்க்கக் கை டார்ச்தான். பின்பக்கம் சுவிட்ச் உள்ளதாக வாங்குங்கள். கட்டைவிரலை எடுத்ததும் அணைய வேண்டும்.

இன்னொருவர்: டார்ச்சின் மொத்த ஒளியைச் சொல்லும் லூமன் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், ஒளியின் குவிவைக் கேண்டெலாதான் சொல்லும். வெள்ளைச் சுவரில் நேராக அடித்தால் உங்கள் கண்ணே கூசும். கூரையில் அடியுங்கள், அறை முழுக்கத் தெரியும்.

கேட்டவர்: சரி, பயிற்சி?

பதில்: முதலில் டார்ச் மட்டும். அப்புறம் துப்பாக்கி எடுத்தால், மேகசினை (குண்டுகள் அடுக்கியிருக்கும் பெட்டி) கழற்றி, சேம்பரை (குழலின் பின்முனையில் சுடுவதற்குக் குண்டு நிற்கும் இடம்) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். குண்டுகள் வேறு அறையில் இருக்கட்டும்.