கான் வெட்டிய காடு

பத்தாங் பெர்ஜுந்தைக்காரன்:

எங்கள் ஊர்ப் பெயரை 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். கம்புட் என்னும் சதுப்புநில மண் எரிவதை நேரில் பார்த்தவர்கள் எழுதலாமே என்று இந்தக் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். 2014 மார்ச்சில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அந்த ஆண்டு மலேசியாவின் சிலாங்கூரில் மழை பொய்த்தது. வீட்டுக் குழாயில் தண்ணீருக்கே பங்கீடு. ராஜா மூசா காட்டை ஒட்டி நண்பர் ஒருவருக்குக் கொஞ்சம் செம்பனை (எண்ணெய்ப் பனை) உண்டு. காட்டு விளிம்பில் புகை என்று அழைத்தார். அப்பாவும் கூட வந்தார்.

கொழுந்துவிட்டு எரியும் என்று எதிர்பார்த்துப் போனேன். அங்கே கொழுந்தே இல்லை. சோற்றுப் பானை மூடியின் ஓரத்தில் ஆவி கசிவதுபோல, தரையில் அங்கங்கே வெள்ளைப் புகை கசிந்துகொண்டிருந்தது. ஈர வைக்கோலும் கந்தல் துணியும் சேர்ந்து கருகினால் வரும் நாற்றம். கண் எரிவதற்கு முன்பே தொண்டை கரகரத்துவிட்டது. நண்பர் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திப் புரட்டினார். மேலே கறுப்பு மண். ஒரு சாண் கீழே, பீடி நுனிபோலச் சிவப்பு. காற்றுப் பட்டதும் அது இன்னும் சிவந்தது.

தீயணைப்பு வீரர்கள் குழாயைத் திருப்பினார்கள். சுர்ரென்று ஒரு சத்தம், கொஞ்சம் ஆவி, பிறகு ஒன்றுமில்லை. ஊற்றிய தண்ணீர் எங்கே போனதென்றே தெரியவில்லை. மறுநாள் காலை, அணைத்த இடத்திலிருந்து எட்டடி தள்ளிப் புகைந்தது. அப்பா கிட்டே போய்ப் பார்க்கக் காலடி எடுத்து வைத்தார். வீரர் ஒருவர் அவருடைய கையைப் பிடித்து இழுத்துவிட்டார். "மேலேதான் மண், ஐயா. உள்ளே பொந்து. முழங்கால் வரை இறங்கும், அடியில் தணல்" என்றார் மலாயில்.

உமித்தீ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே சாதிதான் இது. ஆனால் உமிக் குவியல் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். கம்புட் என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் மட்காமல் கிடந்த இலையும் வேரும் மரத்துண்டும். ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் சேரும். அந்த ஒரு சாண் சேர நூறு, இருநூறு ஆண்டுகள் ஆகியிருக்கும்.

தண்ணீரில் ஊறிக் கிடக்கும்வரை தீக்குச்சி கிழித்துப் போட்டாலும் இந்த மண் பற்றாது. முதலில் அது காய வேண்டும். தோட்டத்தில் வடிகாலைக் கான் என்போம். பழைய தமிழில் கான் என்றால் காடு என்று பள்ளியில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை. அப்பா எண்பதுகளில் மண்வாரி ஓட்டியவர். அந்தப் பக்கத்துக் கான்கள் சில அவர் வெட்டியவைதான். நூல் பிடித்ததுபோல நேராக வெட்டுவார் என்று மண்டோர்களிடம் (தோட்டக் கண்காணிகளிடம்) நல்ல பெயர். அன்று திரும்பும் வழியில் அவர் எதுவும் பேசவில்லை.

நண்பர் வீட்டு வாசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூண்கள் அடியிலிருக்கும் களிமண் வரை இறங்கியிருப்பதால் வீடு அப்படியே நிற்கிறது. சுற்றியுள்ள தரைதான் தண்ணீர் வடிந்து ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே போகிறது. வாசலில் மூன்று படி இருந்தது. இப்போது ஐந்து. கீழிரண்டும் பின்னால் கட்டியவை.

ஈசூன் வாசி:

நான் தீயைப் பார்த்ததில்லை, புகையைச் சாப்பிட்டிருக்கிறேன். 2013 ஜூன் 21, நண்பகல். சிங்கப்பூரில் புகைமூட்டக் குறியீடு 401. கடை கடையாக ஏறி இறங்கியும் முகக்கவசம் கிடைக்கவில்லை. மூங்கில் கழியில் காயப்போட்ட வேட்டியை மூன்று முறை துவைத்தும் வாடை போகவில்லை. கோவிலுக்கு அதைக் கட்டிக்கொண்டு போக மனம் வராமல் கால்சட்டையோடு போனேன். இரண்டு நாள் கழித்து மலேசியாவின் மூவாரில் 746. அங்கே அவசரநிலை அறிவித்துவிட்டார்கள். என் அக்கா அங்கேதான் இருக்கிறாள். எதிர்வீடு தெரியவில்லை என்றாள்.

தீ வைத்தவன் அவன்தான் என்று எல்லாரும் இந்தோனேசியாவின் சுமத்ரா விவசாயியைத் திட்டினோம். காற்று திசை மாறியது, நாங்களும் மறந்துவிட்டோம். எனக்கு ஒரு சந்தேகம். அந்த மக்கள் காலங்காலமாகக் கொளுத்தித்தான் பயிர் செய்கிறார்கள் என்கிறார்களே, அப்படியானால் முன்பெல்லாம் ஏன் இப்படிப் புகை வரவில்லை?

ஆற்றோரம்:

ஈசூன் ஐயா கேட்டதற்கு விடை இந்தோனேசியாவின் பாலங்காராயாவில் இருக்கிறது. 2015இல் வேலை நிமித்தமாக நான்கு மாதம் அந்த மத்தியக் களிமந்தான் ஊரில் இருந்தேன். குறியீடு 300ஐத் தாண்டினாலே அபாயம் என்பது கணக்கு. அங்கே 2000ஐயும் தாண்டியது. நடுப்பகல் மஞ்சளாக இருக்கும், மஞ்சள்காமாலைக்காரன் கண்ணுக்கு உலகம் தெரியும் என்பார்களே, அப்படி. மோட்டார் சைக்கிள்காரர்கள் பன்னிரண்டு மணிக்கு விளக்குப் போட்டுக்கொண்டு போவார்கள். வீட்டுக்கார அம்மா இரவில் கதவிடுக்கில் ஈரத்துணி திணிப்பார். காலையில் அந்தத் துணியின் வெளிப்பக்கம் பழுப்பேறியிருக்கும்.

1995இல் அதிபர் சுகார்த்தோவின் அரசு அந்த மாநிலத்தில் 10 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைவிக்கப்போவதாகக் கிளம்பியது. பெரும்பகுதி கம்புட் காடு. மரத்தை வெட்டி, 4000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் தோண்டினார்கள். அந்தப் புளித்த மண்ணில் நெல் தேறவில்லை. 1997இல் எல் நினோ வறட்சி வந்தது, காய்ந்து கிடந்த நிலம் பற்றிக்கொண்டது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் இந்தோனேசியாவின் கம்புட்டும் காடும் எரிந்து 81 கோடி முதல் 257 கோடி டன் வரை கார்பன் வெளியேறியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பிறகு திட்டத்தைக் கைவிட்டார்கள். கால்வாய்களில் பெரும்பாலானவை திறந்தே கிடந்தன. 2015இல் நாடு முழுக்க 26 லட்சம் ஹெக்டேர் எரிந்த பிறகுதான், மறு ஆண்டு ஜனவரியில், கம்புட் நிலத்தை மீட்பதற்கென்றே ஓர் அமைப்பை உருவாக்கினார்கள்.

மழை பிடித்த பிறகு தயாக் பழங்குடிப் படகோட்டி ஒருவரோடு போனேன். ஆற்றுத் தண்ணீர் பால் கலக்காத கோப்பி நிறம். கரைக் காட்டில் பெரிய மரங்கள் குப்புற விழுந்து கிடந்தன. பட்டையில் கருகல் இல்லை, சில மரங்களில் இலைகூடப் பச்சையாக இருந்தது. வேரை மட்டும் தீ தின்றிருந்தது. அவர் அப்பா காலத்திலும் கொளுத்தினார்களாம். எரிந்து ஈரத்தைத் தொட்டதும் தானாக நின்றுவிடுமாம். "இப்போது தொடுவதற்கு ஈரம் எங்கே இருக்கிறது?" என்றார்.

பத்தாங் பெர்ஜுந்தைக்காரன்:

ஆற்றோரம் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 4000 கிலோமீட்டரா என்று இரண்டு முறை கேட்டார்.

எங்கள் பக்கத்தில் வனத்துறையும் தன்னார்வலர்களும் சேர்ந்து ராஜா மூசாவில் தண்ணீர் வடியாதபடி கான்களை மறித்து, எரிந்த இடங்களில் மஹாங் மரக்கன்று நடுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களும் போயிருந்தோம். சிறுவயதில் அந்தக் கறுப்புத் தண்ணீரில் கொட்டாங்கச்சி போட்டுச் சண்டைமீன் பிடித்திருக்கிறேன். அதில் ஒரு வகை சிலாங்கூரின் கம்புட் சதுப்புகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். அன்று ஒன்றும் கண்ணில் படவில்லை. கன்று நடும் இடத்தில் நிற்காமல் அப்பா நேரே மறிப்பைப் பார்க்கப் போனார். கட்டைகளை வரிசையாக அடித்து, நடுவில் மண் மூட்டை அடுக்கியிருந்தார்கள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தார், குனிந்தார், ஓரத்தில் கையை விட்டுப் பார்த்தார்.

"நடுவில் கெட்டியாகத்தான் இருக்கிறது. ஓரத்தைக் கரைக்குள் நீட்டாமல் விட்டுவிட்டார்கள். தண்ணீர் பக்கவாட்டில் அரித்துக்கொண்டு போய்விடும் தம்பி" என்றார் அங்கிருந்த இளைஞரிடம். பிறகு என்னிடம் மண்வெட்டியைக் கேட்டார். எழுபத்திரண்டு வயது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.