ஃபயர்பாக்ஸ் ஓஎஸ் போனிலிருந்து நம்பர்களை எடுப்பது எப்படி?

பட்டறைப்பையன்:
அப்பா லேத் பட்டறைக்காக 2014-ல் ரெண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கிய ஃபயர்பாக்ஸ் ஓஎஸ் (மொசில்லாவின் போன் இயங்குதளம்) போன், 128 எம்பி ரேம். உப்பிப்போன பேட்டரியை மாற்றியதும் ஆன் ஆகிவிட்டது. வைஃபை கிடைக்கிறது, ஆனால் எந்தத் தளத்தைத் தட்டினாலும் இணைப்பை நம்ப முடியாது என்கிறது, ஆப் இறக்கும் மார்க்கெட்பிளேஸும் திறக்கவில்லை. எனக்கு வேண்டியது அதிலுள்ள முந்நூறு சொச்சம் நம்பர்கள், சிம்மில் ஒன்றுகூட இல்லை. ஆண்ட்ராய்டு போட்டால் சரியாகுமா?

பழைய சர்க்யூட்:
ஆண்ட்ராய்டா, வேண்டாம் தம்பி, நம்பர்கள் அத்தனையும் அழிந்துவிடும். முதலில் போனில் தேதி என்ன என்று பாருங்க, அது தப்பாக இருந்தாலும் தளங்களின் சான்றிதழ் செல்லாது என்று போன் நினைத்துவிடும்.

பட்டறைப்பையன்:
1980 ஜனவரி 1! சரிசெய்தேன். இப்போது சில தளம் திறக்கிறது, பாதிக்கு மேல் பழைய கதைதான்.

பழைய சர்க்யூட்:
அது அப்படித்தான் இருக்கும். இன்று பல தளங்கள், தளம் அசல்தான் என்று காட்ட லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழில் ஓடுகின்றன. பழைய கருவிகள் அதை நம்புவதற்குத் துணையாக இருந்த மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பரில் காலாவதி ஆகிவிட்டது, புதியதை அப்டேட்டில் அனுப்ப ஆளில்லை. மொசில்லா 2015 டிசம்பரிலேயே இந்த போன்களைக் கைவிடுவதாகச் சொல்லிவிட்டது, மார்க்கெட்பிளேஸ் 2018-ல் மூடியாச்சு. இதே நிரலிலிருந்து கிளைத்த காய்ஓஎஸ்தான் அப்புறம் ஜியோபோனில் ஓடியது, ஆனால் அதையும் இதில் ஏற்ற நினைக்காதீங்க.

கடலைமிட்டாய்:
நெட் எதுக்குங்க? காண்டாக்ட்ஸ் செட்டிங்ஸில் ஏற்றுமதி இருக்கும், மெமரி கார்டு என்று கொடுங்க, விசிஎஃப் என்ற காண்டாக்ட்ஸ் கோப்பாக வந்துவிடும்.

பட்டறைப்பையன்:
கார்டு போட்டும் கார்டே இல்லை என்கிறது. இரண்டு கார்டு மாற்றிப் பார்த்துவிட்டேன்.

கடலைமிட்டாய்:
கம்ப்யூட்டரில் செருகி வைத்திருக்கீங்களா? யூஎஸ்பி ஸ்டோரேஜ் ஆனில் இருந்தால் கார்டு கம்ப்யூட்டர் கைக்குப் போய்விடும், போனுக்குத் தெரியாது. வயரைப் பிடுங்கிட்டு செய்யுங்க. நானும் இதில் ஒரு சாயங்காலத்தையே தொலைத்திருக்கிறேன்.

பட்டறைப்பையன்:
வந்துடுச்சு அண்ணா! சார்ஜ் ஏறட்டும் என்று லேப்டாப்பில் செருகியே வைத்திருந்தேன். முக்கியமான மெசேஜ்களையும் எடுக்கலாமா?

பழைய சர்க்யூட்:
ஹோம் பட்டனையும் பவரையும் சேர்த்து அழுத்துங்க, திரை படமாகிவிடும். ஒவ்வொன்றாகத்தான் எடுக்கணும்.

பட்டறைப்பையன்:
எடுத்துக்கிட்டிருக்கேன். நம்பர்களில் பாதிக்கு பெயரே இல்லை, 'காயில் கட்றவர்', 'காயில் கட்றவர் தம்பி', 'பாக்கி 400' என்றுதான் இருக்கிறது. யார் என்று அப்பாவிடம்தான் உட்கார்ந்து கேட்கணும்.