காப்பீட்டு அட்டையை ஏற்கும் பொது மருத்துவ நிபுணர் கம்பம், குமுளி பக்கம் கிடைப்பாரா?

கம்பத்துவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு 62 வயது. கேரளத்தில் உள்ள வண்டன்மேட்டில் அண்ணன் வீட்டில் தங்கி, ஏலத் தோட்டத்தில் காய் எடுக்கும் வேலையைச் சென்ற ஆண்டு வரை செய்துவந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. நான்கு மாதமாகக் கால் வீங்குகிறது. கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு 1.8 என்று வந்திருக்கிறது. இப்போது கம்பத்தில் என்னுடன் இருக்கிறார்.

சர்க்கரைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர், முட்டி வலிக்கு ஒருவர் என்று மூன்று மருத்துவர்கள் எழுதிய சீட்டுகள் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் எம்.டி. மருத்துவர் ஒருவரிடம் காட்டச் சொல்லி எங்கள் தெருச் செவிலியர் அறிவுறுத்தினார். தேனியில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றின் வாசலில் காப்பீட்டுத் திட்டப் பலகையைப் பார்த்து உள்ளே போனோம். அட்டையை வாங்கிப் பார்த்தவர், இது கேரள அட்டை என்றும், தமிழ்நாட்டு அட்டையாகவே இருந்தாலும் தங்களிடம் எலும்பு அறுவைச் சிகிச்சைக்கு மட்டுமே செல்லும் என்றும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆலோசனைக் கட்டணம் 400 ரூபாயும் பரிசோதனைகளுக்கு 1,800 ரூபாயும் கையிலிருந்து கட்டினோம்.

அம்மாவின் பெயர் அண்ணனுடைய கேரள ரேஷன் கார்டில்தான் இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, இந்த அட்டையை ஏற்றுக்கொண்டு மாதந்தோறும் பார்க்கக்கூடிய மருத்துவர் யாரேனும் உண்டா?

முன்னாள் காப்பீட்டுப் பிரிவு ஊழியர், உத்தமபாளையம்

தங்கள் தாயார் விரைவில் நலம்பெற வேண்டும். ஒரு மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் ஆறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இதே கேள்வியோடு வந்தவர்கள் பலரைத் திருப்பி அனுப்ப நேர்ந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

தமிழ்நாட்டின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானாலும், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் ஆனாலும், அதைத் தழுவிக் கேரளம் நடத்தும் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி ஆனாலும், மூன்றும் முக்கியமாக உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்காக வகுக்கப்பட்டவை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்பது அந்தச் செலவுக்கான வரம்பு. மாதாமாதம் மருத்துவரைப் பார்த்து மாத்திரை எழுதி வாங்கும் புறநோயாளிச் செலவு அதில் சேராது. ஆயுஷ்மான் திட்டத்தில், சேர்க்கைக்கு முந்தைய 3 நாள்களுக்கும் வீடு திரும்பிய பின் 15 நாள்களுக்கும் உரிய பரிசோதனை, மருந்துச் செலவுகள் சிகிச்சைத் தொகுப்பிலேயே அடங்கும், அவ்வளவுதான். எனவே அட்டையை ஏற்கும் மருத்துவரைத் தேடினால் எந்த ஊரிலும் கிடைக்க மாட்டார், ஏனெனில் அட்டையை ஏற்பது மருத்துவமனைதான். அதுவும் துறை வாரியாகத்தான். எலும்புக்கு அனுமதி பெற்ற இடத்தில் பொது மருத்துவத்துக்கு அனுமதி இல்லாமல் போகலாம். தாங்கள் போன இடத்தில் நடந்ததும் இதுவே. வாசலில் இருக்கும் பலகை அந்த விவரத்தைச் சொல்வதில்லை என்பது எனக்கும் பழைய கோபம்.

கேரள அட்டையைப் பற்றி ஒரு விளக்கம். ஆயுஷ்மான் பாரத் அட்டையை மாநிலம் கடந்து பயன்படுத்தலாம் என்பது உண்மை; ஆனால் அந்தக் குடும்பம் மத்திய அரசின் பயனாளிப் பட்டியலில் இருக்க வேண்டும். மாநில அரசு தன் செலவில் கூடுதலாகச் சேர்த்த குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை. அட்டையைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினமாதலால், ஆயுஷ்மான் திட்டத்தின் உதவி எண்ணான 14555இல் ஆதார் விவரத்தைச் சொல்லிக் கேட்டு வையுங்கள். அம்மாவின் பெயரைத் தங்கள் ரேஷன் கார்டுக்கு மாற்றிவிட்டு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பதற்கான சான்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் தமிழ்நாட்டு அட்டை பெறுவதும் ஒரு வழி. இரண்டு மாநிலத்திலும் பெயரை வைத்துக்கொள்ள முயல வேண்டாம். ஆதார் இணைப்பில் ஏதேனும் ஓரிடத்தில் நீங்கிவிடும், எந்த இடத்தில் என்பது மருத்துவமனை வாசலில்தான் தெரியவரும்.

இவை எல்லாம் நாளை சேர்க்கை தேவைப்பட்டால் உதவுவதற்கு. இன்றைய தேவைக்கு, கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் புறநோயாளிப் பிரிவுக்குப் போங்கள். அங்கே புறநோயாளிகளிடம் எந்த மாநிலத்து அட்டை என்று கேட்பதில்லை, கட்டணமும் இல்லை. இன்னொன்று: மருத்துவக் கல்லூரிகளில் பொது மருத்துவத் துறை பல யூனிட்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் தனி நாள் ஒதுக்கப்பட்டிருக்கும். முதல் நாள் எந்த யூனிட் பார்த்தது என்பதைச் சீட்டில் பார்த்துக்கொண்டு, அடுத்த முறையும் அதே கிழமையில் போனால் அதே மருத்துவர்களிடம் காட்டலாம். மாறிப் போனால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கும்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர், சின்னமனூர்

மேலே உள்ள பதிலோடு முழுமையாக உடன்படுகிறேன். ஒரு சொல் மட்டும் கவனிக்கத் தக்கது. நம் ஊரில் ‘பொது மருத்துவர்’ என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து எல்லாம் பார்ப்பவர் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். தங்களுக்கு வேண்டியவர் எம்.டி. பொது மருத்துவம் படித்த நிபுணர். பேச்சு வழக்கில் பிசிசியன் என்கிறோம். சீட்டு போடும் இடத்திலேயே இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

என் மதினிக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கால் வீங்கியது. இதயத்தைப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள், வீக்கம் போகவில்லை. கடைசியில் ஓர் அரசு மருத்துவமனைப் பிசிசியன், பையில் இருந்த மாத்திரை அட்டைகளை எல்லாம் மேசையில் கொட்டச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்து, “இது யார் எழுதியது, எதற்காக, எத்தனை நாளாக?” என்று கேட்டார். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம் இருந்தது. அது சிலருக்குக் கால் வீக்கம் தரக்கூடியது. இன்னொரு அட்டை பாதி வெட்டிய டைக்ளோஃபெனாக். முட்டி வலிக்கு மதினியே கடையில் கேட்டு வாங்கி, எவரிடமும் சொல்லாமல் விழுங்கிவந்தது. அது சிறுநீரகத்துக்கு ஆகாதது. முன்னதை மாற்றி, பின்னதை நிறுத்தினார். மூன்றாவது வாரத்தில் கொலுசு மறுபடியும் தளர்வாகியது.

தாங்கள் இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. சீட்டுகளோடு மாத்திரை அட்டைகளையும், வெட்டுப்பட்ட துண்டுகள் உட்பட, கொண்டுபோகத்தான் சொல்கிறேன். வலி மாத்திரை உண்டா என்று அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். மருத்துவர் முன்னால் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்.

நோய் கட்டுப்பட்ட பிறகு, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்துகொண்டால் சர்க்கரை, அழுத்த மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டிலேயே பெறலாம். 2021 ஆகஸ்டு முதல் அது நடக்கிறது.

குமுளிக்காரன்

அம்மா மறுபடி அண்ணனிடம் போவதாக இருந்தால் மட்டும் இது பயன்படும். பீர்மேடு தாலுகா மருத்துவமனையில் காட்டி, தேவையென்றால் கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்குச் சீட்டு வாங்கலாம். அங்கே சேர்க்கை என்றால் கேரள அட்டை நேரடியாகச் செல்லும். குமுளியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை என்பதால், வீங்கிய காலோடு மாதந்தோறும் போக நான் சொல்ல மாட்டேன். அண்ணனின் அட்டை புதுப்பிக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள், ஆயுஷ்மானுக்கு முன்பிருந்த ஆர்.எஸ்.பி.ஒய். என்ற மத்திய அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் பழைய ஸ்மார்ட் கார்டையே இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் தோட்டப் பக்கம் நிறைய.

கம்பத்துவாசி

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. சென்ற வாரம் முதல் பேருந்தில் தேனி போய், அங்கிருந்து ஆண்டிபட்டிப் பேருந்தில் கானாவிலக்கில் இறங்கினோம். இரண்டரை மணி நேரக் காத்திருப்பு. பெஞ்சில் இடம் கிடைத்ததே ஆறுதல். மருந்தாளுநர் ஐயா சொன்னபடி அம்மாவிடம் முந்தைய இரவே கேட்டேன். அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டு மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தார். மருத்துவர் அதைத்தான் முதலில் தனியாக ஒதுக்கி வைத்தார். மற்ற மாத்திரைகளில் இரண்டை மாற்றி எழுதி, சிறுநீர்ப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் அங்கேயே எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

காப்பீட்டு அட்டையை அன்று யாரும் கேட்கவில்லை. 14555இல் விசாரித்ததில் அண்ணன் குடும்பம் மத்தியப் பட்டியலில் இருப்பதாகச் சொன்னார்கள். ஆகவே பெயரை மாற்றாமல், அட்டையைச் சீட்டுகளோடு அதே பையில் வைத்திருக்கிறேன். எங்கள் யூனிட்டுக்கு வியாழக்கிழமை.