ரீயூனியன் தீவுக்கு விடுமுறையில் ஏன் செல்ல வேண்டும்? சென்று வந்தவர்களின் அனுபவங்கள்

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்:

மாலத்தீவும் மொரிஷியஸும் இருக்கும்போது பிரெஞ்சு பேசும் ரீயூனியன் எதற்கு என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். கடலில் குளித்து மணலில் ஓய்வெடுப்பது மட்டுமே நோக்கம் என்றால் அவ்விரண்டு இடங்களே போதும். ரீயூனியனுக்குச் செல்ல வேண்டியது அதன் மலைகளுக்காகவும் அந்த மலைகளை நம்பி வாழும் மக்களுக்காகவும்தான் என்பது என் உறுதியான எண்ணம். மொரிஷியஸிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவில், ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கும் இத்தீவு 1946ஆம் ஆண்டு முதல் பிரான்சின் மாவட்டங்களுள் ஒன்றாக இருக்கிறது. இவ்வளவு சிறிய நிலத்தில் பித்தோன் தெ நேஜ் என்னும் சிகரம் 3,070 மீட்டர் உயரத்துக்கு எழுந்து, பல மடங்கு பெரிய மடகாஸ்கரின் உச்சியையும் மிஞ்சி நிற்கிறது. அந்தச் சிகரத்தைச் சுற்றிலும் மலை சரிந்தும் அரிக்கப்பட்டும் உருவான சலாஸி, சிலாவோஸ், மஃபாத் ஆகிய மூன்று பெரும் பள்ளத்தாக்குகளும், அவற்றைச் சூழ்ந்த செங்குத்தான பாறைச் சுவர்களும் 2010இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

தீவின் தென்கிழக்கில் இருக்கும் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை 2,632 மீட்டர் உயரம் கொண்டது; ஏறத்தாழ நம் தொட்டபெட்டாவின் உயரம்தான். உலகில் மிக அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளுள் ஒன்றான இதன் விளிம்பு வரை சாதாரணக் காரிலேயே சென்றுவிடலாம். புல்வெளிகளில் மாடுகள் மேயும் குளிர்ந்த மேட்டுநிலத்தைக் கடந்ததும், ஒரு திருப்பத்துக்கு அப்பால் பச்சை என்பதே இல்லாமல் செம்பழுப்பு நிறச் சரளை மட்டும் பரந்து கிடக்கும் பிளேன் தே சாப்ல் வெளி வருகிறது. அங்கே வண்டியை நிறுத்தி இறங்கியபோது என் குடும்பத்தில் ஒருவருக்கும் சற்று நேரம் பேச்சு எழவில்லை.

ஆனால் எரிமலையை எனக்குப் புரியவைத்தவர், கிழக்குக் கரையில் பித்தோன் சேன்த் ரோஸ் ஊர்த் தேவாலயத்தின் வாசலில் சந்தித்த ஒரு மூதாட்டி. 1977இல் வழக்கமான பாதையை விட்டு விலகி ஊருக்குள் இறங்கிய எரிமலைக் குழம்பு, வீடுகளை அழித்துக்கொண்டு வந்து, அந்தத் தேவாலயத்தைச் சூழ்ந்து அதன் வாயிலில் நின்றுவிட்டது. உறைந்த கருங்குழம்பு இன்றும் சுவரை ஒட்டியே கிடக்கிறது. ஊரைக் காலி செய்த நாளில் தாம் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிய பொருள்களை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். எரிமலை மீது அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. இந்த நிலத்தை உண்டாக்கியதே அதுதானே என்றார். என் மகள் தனக்குத் தெரிந்த பள்ளிப் பிரெஞ்சில் கேட்கக் கேட்க, அவர் நிதானமாகவும் தெளிவாகவும் விடை சொன்னார். ஓரளவு பிரெஞ்சு தெரிந்திருந்தால் இத்தீவு எவ்வளவு திறந்துகொள்கிறது என்பதை அன்று கண்டேன்.

மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. அங்கே வாழும் சில நூறு பேருக்கு வேண்டிய பொருள்கள் ஹெலிகாப்டரில் வருகின்றன. மற்றவர்கள் நடந்துதான் செல்ல வேண்டும். கோல் தே பெஃப் கணவாயிலிருந்து லா நூவெல் என்னும் சிற்றூருக்கு இறங்க இரண்டு மணி நேரம் போல ஆகும். பண்ணைகளிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் இது என்பதை அறிந்துகொண்டு நடந்தால், ஒவ்வொரு செங்குத்துச் சரிவும் வேறு பொருள் தருகிறது. இரவு தங்கிய விடுதியில் எல்லோரையும் ஒரே நீள மேசையில் அமர்த்தி, சோறும் பருப்பும் கோழிக் கறியும், தக்காளியும் மிளகாயும் சேர்ந்த ருகாய் என்னும் துவையலும் பரிமாறினார்கள். சமைத்த அம்மையார் என் முகத்தைப் பார்த்து, நீங்கள் மலபாரா என்று கேட்டார். அங்கே தமிழ் வம்சாவளியினரை அப்படித்தான் அழைக்கிறார்கள். தம் பாட்டியும் மலபார்தான் என்று சொல்லிவிட்டு, கேட்காமலே இன்னும் ஒரு கரண்டி பருப்பை என் தட்டில் இட்டார்.

புதுச்சேரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே எழுதிய அம்மையார் மலபார் மக்களைக் குறிப்பிட்டதால் இதைச் சேர்க்க விரும்புகிறேன். 1848 டிசம்பர் 20 அன்று அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின்னர், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டு, எங்கள் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களின் வழியாக ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கொண்டுசெல்லப்பட்டனர். 1882இல் பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்தும் வரை கப்பல்கள் சென்றுகொண்டிருந்தன. வந்து இறங்கியவர்களைத் தனிமைப்படுத்தி வைத்த லாசரே கட்டடம், தலைநகர் சேன் தெனிக்கு மேற்கே லா கிராந்த் ஷலூப் என்னும் இடத்தில் புதுப்பிக்கப்பட்டு, இப்போது வரலாற்றுக் காட்சியகமாக இருக்கிறது. கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒடுங்கிய அந்தப் பள்ளத்தில் நின்றபோது, எங்கள் ஊரிலிருந்து சென்றவர்கள் முதலில் கண்ட நிலம் இதுதான் என்ற நினைவை என்னால் எளிதில் விலக்க முடியவில்லை. விடுமுறைப் பயணத்தில் அரை நாளையாவது இதற்கு ஒதுக்குமாறு வேண்டுகிறேன்.

சேன் ஆந்த்ரே ஊரில் கரும்புக் காடுகளுக்கும் கடலுக்கும் அருகில் இருக்கும் கொலோஸ் கோவிலில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். தமிழில் பேச அவருக்கு வராது. நாங்கள் பிரெஞ்சில்தான் பேசிக்கொண்டோம். ஆனால் தீமிதிக்கு முன் பாட வேண்டிய பாரதப் பாடல்களைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்த பழைய குறிப்பேடு ஒன்று அவரிடம் இருந்தது. தம் தந்தையாரிடம் கேட்டு எழுதியது என்று சொல்லி, திரௌபதியை வேண்டும் ஒரு பாடலை மெல்லப் பாடினார். உச்சரிப்பு வெகுவாக மாறியிருந்தபோதிலும், மெட்டு தென்னார்க்காட்டுக் கூத்தில் நான் கேட்டதுதான். சில சொற்களை நான் தமிழில் திருப்பிச் சொன்னதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவற்றின் பொருளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஞாயிறன்று தேவாலயத்துக்கும் கோவில் திருநாளில் காவடிக்கும் செல்லும் குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு. அதை யாரும் முரண்பாடாகக் கருதுவதில்லை. கோவில்களுக்குள் செல்வோர் தோல் பொருள்களை வெளியே வைத்துவிட்டு, அனுமதி கேட்டே படம் எடுக்க வேண்டும். தீமிதி சுற்றுலாக் காட்சி அன்று. பதினெட்டு நாள் விரதம் இருந்து இறங்குகிறார்கள்.

பாரிஸ் புறநகரில் வசிக்கும் ஓர் உறுப்பினர்:

எங்களைப் போன்று பிரான்சில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு இத்தீவு இன்னும் ஒரு வகையில் எளிது. பதினொரு மணி நேரம் போல விமானப் பயணம் என்றாலும் நாட்டை விட்டு வெளியேறுவதில்லை. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்கள் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்லக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள் ரீயூனியன் அடங்காது என்பதை நினைவில் வைத்து, விசா விதிகளைத் தனியாகக் கேட்டறிய வேண்டும்.

கடலைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விடுவது தவறாகும். சுறாத் தாக்குதல்கள் தொடர்ந்ததால், பவளப்பாறைத் தடுப்புக்குள் இருக்கும் ஆழமற்ற பகுதிகளையும் கண்காணிப்புள்ள இடங்களையும் தவிர வேறெங்கும் குளிப்பது 2013 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. மேற்குக் கரையில் லெர்மிதாஜ், லா சலின் ஆகிய இடங்களில் எங்கள் பிள்ளைகள் முழங்கால் அளவு நீரில் நின்றபடியே வண்ண மீன்களைப் பார்த்தார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை. ஜூன் இறுதி முதல் செப்டம்பர் வரை கூனல் திமிங்கிலங்கள் குட்டி ஈனக் கரைக்கு அருகில் வருகின்றன. சேன் லூ கடற்சுவரில் எங்கள் பக்கத்தில் அமர்ந்திருந்த மீனவர் ஒருவர், நீர் எழும்பும் இடத்தைக் கடைசி மகனுக்குக் கை நீட்டிக் காட்டி, தாயும் குட்டியும் என்று சொன்னார். நாங்கள் பார்த்தபோது இரண்டு முதுகுகள் தெரிந்தன.

மலைக் காட்சிகளுக்கு விடிகாலையிலேயே கிளம்ப வேண்டும். காலை பத்து மணிக்கெல்லாம் மேகம் ஏறி மஃபாத்தை மூடிவிடுகிறது. மஃபாத்தை மேலிருந்து பார்க்கும் மய்தோ முனைக்கு மதியம் வந்து வெண்மையை மட்டும் பார்த்துத் திரும்பியவர்களைக் கண்டோம். நானூறுக்கும் மேற்பட்ட வளைவுகளைக் கொண்ட சிலாவோஸ் சாலை வயிற்றுக்குக் கடினம் என்றாலும், அங்கே விளையும் சிறு பருப்புக்காகவே இன்னொரு முறை ஏறுவேன். சைவ உணவு உண்பவர்களுக்குச் சோறு, பருப்பு, முருங்கைக்கீரை, சலாஸிச் சரிவுகளில் பந்தல் பந்தலாய்ப் படர்ந்திருக்கும் சௌசௌ ஆகியவை எல்லாச் சந்தைகளிலும் கிடைக்கின்றன. சேன் போல் கடற்கரைச் சந்தை வெள்ளியும் சனியும் கூடுகிறது. வெனிலாக் கொடியையும் அவசியம் பாருங்கள். அதன் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் முறையை 1841இல் கண்டுபிடித்தவர், அப்போது பன்னிரண்டு வயதே ஆன எத்மோன் அல்பியுஸ் என்னும் அடிமைச் சிறுவர். உலகெங்கும் இன்றும் அம்முறையிலேயே வெனிலா விளைகிறது. தோட்டத்தில் எங்களுக்கு வழிகாட்டிய பெண் பூவைப் பிரித்துக் காட்டும் முன் அவர் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினார்.

செலவு இந்திய விடுமுறைகளை விட நிச்சயம் கூடுதல். பெரும்பாலான பொருள்கள் இறக்குமதியாவதால் கடைகளில் விலை பாரிஸை விடவும் உயர்ந்தே இருக்கிறது. விடுதி உணவைக் குறைத்து, சமையலறையுள்ள வீட்டை வாடகைக்கு எடுத்தால் சமாளிக்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம். 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது எரிமலைப் பகுதியில் மூன்று நாள்களில் 3,900 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது உலகச் சாதனையாக உள்ளது. எனவே மே முதல் நவம்பர் வரை திட்டமிடுங்கள். திமிங்கிலங்கள் வேண்டும் என்றால் ஆகஸ்டு. சேன் ஆந்த்ரே தீபாவளி ஊர்வலம் வேண்டும் என்றால் அக்டோபர் இறுதி அல்லது நவம்பர் தொடக்கம். பிள்ளைகளுடன் மஃபாத்தில் தங்க எண்ணினால், விடுதிகள் விரைவில் நிரம்பிவிடுவதால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள்.