முதல் உலகப் போரில் இறந்த கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எங்கே தேடுவது?

கேள்வி: பாலாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பூர்விகம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் பாலாற்றை ஒட்டிய ஒரு சிற்றூர். என் தந்தையின் தாத்தா முதல் உலகப் போரின்போது பட்டாளத்தில் சேர்ந்து கடல் கடந்து போனவர், திரும்பி வரவில்லை. அவர் கப்பல் ஏறியபோது கொள்ளுப்பாட்டி கருவுற்றிருந்தார். அந்தப் பிள்ளைதான் என் தாத்தா; அப்பன் முகம் அறியாமல் வளர்ந்தவர். ஊரில் இன்றும் எங்கள் வீட்டுக்குப் ‘பட்டாளத்தார் வீடு’ என்றுதான் பெயர். ஆனால் அந்தப் பட்டாளத்தார் எந்தப் படையில் இருந்தார், எங்கே, எந்த நாளில் இறந்தார் என்பதைச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை.

எங்களிடம் மிஞ்சியிருப்பது உள்ளங்கை அளவுள்ள வட்டமான வெண்கலத் தட்டு ஒன்று. ஒரு பெண் கையில் மாலை ஏந்தி நிற்கிறாள். அவள் பக்கத்தில் சிங்கம். ஓரத்தைச் சுற்றி ஆங்கில வாசகம். நடுவில் ஒரு கட்டத்துக்குள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் மட்டும். தலைமுறை தலைமுறையாகச் சாமி மாடத்தில் வைத்துப் பொட்டிட்டு வந்ததால், புடைத்த எழுத்துகளின் இடுக்கில் குங்குமம் இறுகிப் போயிருக்கிறது. இதைத் தவிர, கொள்ளுப்பாட்டி அடிக்கடி சொல்லிவந்ததாக என் அத்தை நினைவில் வைத்திருக்கும் ஒரு சொல் உண்டு: ‘பஸரா’.

இறந்த நாள் தெரியாததால் என் தந்தை ஆண்டுதோறும் மகாளய அமாவாசையன்றுதான் அவருக்குத் திதி கொடுக்கிறார். தம் காலத்துக்குள் சரியான நாளை அறிந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஏக்கம். எங்கிருந்து தொடங்குவது என்று விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

சகோதரி, நீங்கள் விவரித்திருப்பது முதல் உலகப் போரில் உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்குப் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவுத் தட்டுதான். பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவை வார்க்கப்பட்டன. தளபதியானாலும் சிப்பாயானாலும் இறப்பில் சமம் என்பதைக் காட்டுவதற்காகப் பதவியையும் படைப்பிரிவையும் வேண்டுமென்றே விட்டுவிட்டுப் பெயரை மட்டும் பொறித்தார்கள். நோக்கம் நல்லதுதான், ஆனால் நூறாண்டு கழித்துத் தேடும் உங்களைப் போன்றவர்களுக்கு அதுவே பெரிய தடையாகிவிடுகிறது.

வீட்டில் பதக்கம் ஏதாவது இருக்கிறதா என்று நன்றாகத் தேடுங்கள். உறவினர் வீடுகளிலும் கேளுங்கள். பாகப்பிரிவினையின்போது தட்டு ஒரு வீட்டுக்கும் பதக்கம் இன்னொரு வீட்டுக்கும் போயிருக்கலாம். அந்தப் போருக்கான வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொடி எழுத்தில் தட்டப்பட்டிருக்கும். அதே பதக்கம் வெண்கலத்தில் இருந்தால், அவர் சிப்பாயாக அல்லாமல் தொழிலாளர் படையில் போயிருக்க வாய்ப்புண்டு.

அடுத்ததாக, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள், கட்டணம் கிடையாது. இந்தியப் படைவீரர் பலருக்குத் தந்தை பெயர், ஊர், தாலுக்கா, மாவட்டம் வரை அதில் குறித்திருக்கிறார்கள். நம் பெயர்களை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள் என்பதால், ‘சாமி’ என்று முடியும் ஒரே பெயருக்கு மூன்று நான்கு எழுத்துக்கூட்டல்களைப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். தட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை முதலில் அப்படியே இட்டுப் பாருங்கள். அது அரசுப் பதிவிலிருந்து எடுக்கப்பட்டது.

‘பஸரா’ என்பது இன்றைய ஈராக்கில் உள்ள பஸ்ரா துறைமுகம் என்பதில் எனக்கு ஐயமில்லை. மெசபொடேமியாப் போர்முனைக்குப் போன இந்தியப் படைகள் அங்கேதான் இறங்கின. அந்தப் போர்முனையில் 1914 முதல் 1921 வரை இறந்து, கல்லறை அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோருக்காகப் ‘பஸ்ரா நினைவகம்’ என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அதன் கற்களில் இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் இல்லை. அதிகாரிகளின் பெயர்களைச் செதுக்கிவிட்டு, அந்தந்தப் படைப்பிரிவின் கீழ் ‘மற்றும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்’ என்று எண்ணிக்கையை மட்டும் போட்டார்கள். பெயர்கள் ஆணையத்தின் பதிவேட்டில் உள்ளன. இத்தகைய பாரபட்சம் நடந்ததை ஆணையமே 2021இல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. தட்டில் சமம் என்று காட்டியவர்கள் கல்லில் அதைக் காட்டவில்லை என்பது இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

மறுமொழி: பழைய சேப்பர்

அம்மா, நான் பெங்களூரில் சென்னைப் பொறியியல் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து எங்கள் படைக்கு ஆள் வருவது பல தலைமுறைப் பழக்கம். வேலூருக்குப் பக்கத்தில் உள்ள கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. உங்கள் கொள்ளுத்தாத்தா பஸ்ரா போனவர் என்றால், அவர் அன்றைய மதராஸ் சேப்பர்களில், அதாவது எங்கள் பொறியியல் படைவீரர்களில், ஒருவராக இருந்திருக்கலாம். எங்கள் 12, 13ஆம் கம்பெனிகள் மெசபொடேமியாவில் 14ஆம் டிவிஷனுடன் இருந்தன. 1917 பிப்ரவரி 23 அன்று ஷும்ரான் வளைவில் டைகிரிஸ் ஆற்றைக் கடந்த டிவிஷன் அதுதான்.

ஆனால் பஸ்ராவை மட்டுமே பிடித்துக்கொண்டு தேட வேண்டாம். வீட்டில் வழங்கிய ஊர்ப்பெயர் கடைசிக் கடிதம் வந்த இடமாகவும் இருக்கலாம். 61ஆம் பயனீர்ஸ், 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி ஆகியவை கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் 1914 நவம்பரில் இன்றைய தான்சானியாவில் உள்ள தாங்காவில் மோதின. அப்படி அவர் அங்கே போயிருந்தால் பெயர் வேறு நினைவகத்தில் இருக்கும். மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் பல 1920களில் கலைக்கப்பட்டன; பயனீர் படை 1930களின் தொடக்கத்தில் கலைந்தது. ஆகவே படைப்பிரிவின் பெயர் தெரிந்த பின்னும் ‘அந்த அலுவலகம் எங்கே’ என்று அலைய நேரிடலாம். சேப்பர் என்று உறுதியானால் பெங்களூர் மையத்துக்கு எழுதுங்கள். படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் லண்டனில் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன; ஒரு சிப்பாயின் பெயர் அவற்றில் வருவது அரிது என்றாலும், அவர் இறந்த வாரத்தில் அந்தக் கம்பெனி எங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அறியலாம். மெசபொடேமியாவில் குண்டடி பட்டு இறந்தவர்களைப் போலவே காலராவிலும் வெயில் கொடுமையிலும் மாண்டவர்களும் ஏராளம். சண்டை எதுவும் நடக்காத நாளில் இறந்ததாகப் பதிவு இருந்தால் குழம்ப வேண்டாம்.

மறுமொழி: ஆற்காட்டுப் பேத்தி

படைப்பிரிவைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நீங்கள் குடும்பத்தையும் சேர்த்துத் தேட வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே எழுதுகிறேன். செங்கல்பட்டு மாவட்டத்துச் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோவில் கண்ணிவெடியின் மேல் விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீர விருதைப் பெற்றவர். அத்தகையவரைப் பற்றிக்கூட நாம் படிப்பதெல்லாம் அந்த ஒரு கணத்தைத்தான். அவர் வளர்ந்த வீட்டையும், அவருக்குப் பின் அந்த வீடு பிழைத்த விதத்தையும் எழுதியவர்கள் குறைவு.

என் பாட்டியின் அக்காள் கணவர் இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்தவர். அவரைத் தேடியபோது எனக்கு அதிகம் கைகொடுத்தது பத்திரப் பதிவு அலுவலகம். அந்த அம்மாள் நிலத்தின் ஒரு பகுதியை விற்ற கிரயப் பத்திரத்தில், ‘பட்டாளத்தில் காலஞ்சென்ற இன்னாரின் மனைவி’ என்று கணவர் பெயரும் மாமனார் பெயரும் இருந்தன. ஆணையத்தின் பதிவில் ஒரே பெயரில் பலர் இருந்ததால், மாமனார் பெயரை வைத்துத்தான் எங்களவரைப் பிரித்தறிய முடிந்தது. நீங்களும் கொள்ளுப்பாட்டியின் பெயரில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

உங்கள் அத்தையிடம் இப்போதே உட்கார்ந்து கேளுங்கள். இறப்புச் செய்தியை யார் கொண்டு வந்தார்கள்? கொள்ளுப்பாட்டி அதை நம்பினாரா? பென்ஷன் வந்ததா, வந்தால் யார் கையொப்பமிட்டு வாங்கினார்கள்? உடலைக் கண்ணால் காணாததால் எங்கள் வீட்டில் அந்த அம்மாள் வெகுகாலம் பொட்டை அழிக்க மறுத்தார் என்றும், அதற்காக உறவினர் பேசிய பேச்சை வாய் திறவாமல் தாங்கினார் என்றும் பாட்டி சொன்னார். எந்த அரசு ஆவணத்திலும் இது கிடைக்காது.

கேள்வி கேட்டவர்: பாலாற்றங்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே தேடியதில், எங்கள் தாலுக்காவைச் சேர்ந்த ஒருவரின் பதிவு கிடைத்தது. சேப்பர், பஸ்ரா நினைவகம், 1917 ஜூலையில் ஒரு தேதி. ஆனால் ஊர்ப்பெயர் சிதைந்திருக்கிறது. தந்தை பெயர் ஒத்துவருகிறதா என்று சொல்லக்கூடியவர் வீட்டில் இல்லை. இந்த நாளை வைத்துத் திதியைக் கணக்கிடலாமா?

மறுமொழி: ஏட்டுச்சுவடி

தந்தை பெயர் உறுதியாகும் வரை உங்கள் தந்தையிடம் நாளைச் சொல்லாதீர்கள். அது வேறொருவர் என்று பின்னர் தெரிந்தால் அவர் தாங்கமாட்டார். ஆற்காட்டுப் பேத்தி சொன்னபடி வில்லங்கச் சான்றையும் பழைய பத்திர நகலையும் முதலில் வாங்குங்கள். பெயர் ஒத்துவந்தால், 1917 ஜூலை என்பது பிங்கள ஆண்டின் ஆனி அல்லது ஆடி மாதமாக வரும். அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தை வைத்து உங்கள் குடும்பப் புரோகிதரே மாதத்தையும் பட்சத்தையும் திதியையும் குறித்துக் கொடுத்துவிடுவார்.