அக்கா குழந்தைக்கு இதய ஆபரேஷன், கொஞ்சம் உதவுங்கள்

பெரம்பூர்க்காரர்களுக்கு வணக்கம். கரண்ட் கட், தண்ணி லாரி என்று மட்டுமே இங்கே எழுதிப் பழகியவன். இதைக் கேட்க நா எழவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

என் அக்கா மகளுக்கு ஏழு மாதம். பிறவி இதயக் கோளாறு, டெட்ராலஜி ஆஃப் ஃபேலட் என்கிறார்கள். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியும் குறுகல். அழுதால் உதடும் நகமும் நாவல்பழம் தின்ற மாதிரி நீலமாகிவிடும். உடனே முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு மடக்கிப் பிடிக்க வேண்டும். அக்கா இப்போது அரைத்தூக்கத்தில்கூட அதைச் செய்கிறாள்.

அடுத்த மாதம் ஆபரேஷன். மாமாவுக்கு அம்பத்தூரில் லேத் பட்டறை வேலை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அவர் சம்பளம் அதைத் தாண்டுகிறது. (தாண்டிவிட்டால் பணக்காரரா என்ன!) ஆகும் செலவு 3,80,000. நகையை அடகு வைத்ததில் 2,30,000 தேறியது. மீதிக்குத்தான் இந்தப் பதிவு.

என் கையில் தர வேண்டாம். மருத்துவமனை பில்லிங் கவுண்டரிலேயே குழந்தை பெயரில் கட்டிவிடலாம். எஸ்டிமேட், எக்கோ ரிப்போர்ட் கேட்பவர்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

பணம் முடியாதவர்கள் ரத்தம் கொடுங்கள்: பி நெகட்டிவ். வயது 18 தாண்டி, எடை 45 கிலோவாவது வேண்டும். ஆண்கள் கடைசியாகக் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தால் சரி.

அப்புறம், ஆபரேஷன் அன்று விடியற்காலை ஐந்து மணிக்குக் காரில் கொண்டுவிட யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஆட்டோ குலுக்கலில் குழந்தை அழுதுவிடும்.