தொழில் கற்றுக்கொடுத்தவருக்கே மேனேஜர் ஆனால் எப்படிப் பேசுவது?

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்த என்னைப் புரொடக்சன் மேனேஜராக்கிவிட்டார்கள். அனுபவம் உள்ளவர்கள் யோசனை சொல்லுங்கள்.

மணிக்கு எத்தனை பீஸ் என்று போர்டில் எழுதுவது, எந்த மெஷினில் வேலை தேங்குகிறது என்று பார்ப்பது எல்லாம் பழகிய வேலை. ஆட்கள்தான் சிக்கல். ஓவர்லாக் (துணி ஓரம் தைக்கும்) மெஷின் ஓட்டும் அண்ணன் ஒருவர், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். அவர் தைத்த பீஸ்கள் செக்கிங்கில் திரும்பி வருகின்றன. பீஸ் ரேட், அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் வேகம்தான் அவருக்குக் காசு. நிதானமாகத் தைத்தால் சனிக்கிழமைச் சம்பளம் குறையும். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. எல்லார் முன்னாலும் சொல்ல மனம் வரவில்லை. தனியாகச் சொன்னால் "சரி தம்பி" என்று சிரித்துவிட்டுப் போகிறார்.

அப்புறம், ஒடிசா, பீகார் பையன்கள். என் இந்தி சாப்பாடு கேட்கும் அளவுக்குத்தான். மெஷின் கோளாறைக்கூட அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் வழியாகத்தான் சொல்கிறார்கள். அவரையே லைன் லீடர் ஆக்கலாமா, இல்லை அது தனிக் கோஷ்டியாகிவிடுமா?

பீஸ் ரேட்டோடு தரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுக்கும் முறை எங்காவது நடக்கிறதா? முதலாளியிடம் பேச ஒரு கணக்கு கையில் வேண்டும். பயிற்சி வகுப்பு விளம்பரம் மட்டும் போடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.